உடையாமல் நின்ற கட்டிகள்

நேற்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எல்லாரும் கேக்கைப் பார்த்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் புகை வாசனைக்கு எனக்கு ஞாபகம் வந்தது சத்துவாச்சாரியில் நான் வேலை பார்த்த மண் பரிசோதனைக் கூடம். அப்படி ஒரு மூக்கு எனக்கு.

வீடு கட்டப்போகும் இடத்தில் குழாயை இறக்கி எடுத்த மண்ணின் ஈரம் போய்விடாமல் இரண்டு முனையிலும் மெழுகை உருக்கி ஊற்றி அனுப்புவார்கள். நான் மெழுகைச் சுரண்டி, மண்ணை வெளியே தள்ளி, இரண்டு துண்டான பித்தளைப் பெட்டியில் வைத்து ஒரு பாதியை மட்டும் நகர்த்துவேன். எவ்வளவு நசுங்கியது, எந்த அழுத்தத்தில் வழுக்கியது என்று டயலைப் பார்த்து எழுத வேண்டும். பாலாற்று மணலில் பேஜாரே இல்லை. ஆம்பூர் மலையடி மொரம்புதான் படுத்தி எடுத்துவிடும். பாறை இருந்த இடத்திலேயே மக்கி மண்ணானது அது. பார்க்கப் பாறைதான், தொட்டால் பொலபொலவென்று உதிரும்.

உதிர்ந்ததைப் பெட்டியில் எப்படி வைப்பது? அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, உடையாமல் நின்ற கட்டியாகப் பார்த்துச் செதுக்கி வைப்போம். பலவீனமான மண் குப்பைக்கூடைக்குப் போகும், பலமான மண் ரிப்போர்ட்டுக்குப் போகும். தப்பென்று அப்போது தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஜெயமணி அக்காவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மலைச்சரிவை வெட்டி வீடு கட்ட மனை வாங்கியிருந்தார். மண் தாங்குமா என்ற பயத்தில், ரிப்போர்ட் வாங்க அவரே பஸ் ஏறி வந்தார். நல்ல மண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குடிபோனதும் லட்டு கொண்டுவந்தார். வெட்கமில்லாமல் இரண்டு தின்றேன்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் பின்பக்க மேடு நழுவி வீடு உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்தார்கள். அக்கா என்னிடம் வந்தார். கோபப்படக்கூட இல்லை.

"நல்ல மண்ணுன்னு தான சார் எழுதியிருந்தீங்க?"

"மண்ணு நல்ல மண்ணுதான்க்கா. இந்த வருஷம் மழ ஜாஸ்தி."

தலையாட்டிவிட்டுப் போனார். நம்பிவிட்டார், பாவி நான் சொன்னதை.

அந்தக் கூடம் இப்போது செல்போன் கடை. அக்கா மனையை விற்றுவிட்டுத் திமிரிப் பக்கம் போனதாகக் கேள்வி. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் அந்த இடத்துக்குப் போனேன். வீடு இருந்த சுவடே இல்லை. மனையை வாங்கியவர் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார். மண்ணைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டேன்.

"அந்தம்மா பத்திரத்தோட ரிப்போர்ட்டும் குடுத்துட்டுப் போய்ட்டாங்க சார். நல்ல மண்ணாம். அந்த வருஷம் மழ ஜாஸ்தி, அவ்ளோதான்."

அதை எழுதியவனே நான்தான், அது தப்பு, நம்பாதீர்கள் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இன்னாத்துக்கு சார் கையெழுத்து போட்டீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.