நாற்பத்தெட்டுப் பக்கம்

தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அக்காவைக் குளவி கொட்டியது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், லொறியிலேயே மூச்சு நின்றுவிட்டது. ஒரு வருஷம் கழித்து அவளைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதி முடித்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "உள்ள என்னத்தையாச்சும் எழுதிக்க. விரிச்ச ஒடனே எம்புள்ள மொகம் பெருசா தெரியணும்." அவ்வளவுதான் கேட்டாள்.

ஹட்டனில் அச்சுக் கடைக்காரரிடம் போனேன். "டைப் அடிச்சுக் குடுங்க டீச்சர், மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அவர் பார்த்துக்கொள்கிற லட்சணம் தெரியாதா? போன திருவிழா மலரில் சாமி படத்துக்கும் மேலே ஏதோ ஒரு தலைவரின் தலை. த்தூ! அவர் கம்ப்யூட்டரில் இருந்ததும் திருட்டு மென்பொருள். "பென்டிரைவ்ல போட்டுத் தரவா?" என்று விபூதி கொடுப்பதுபோல வேறு கேட்டார். செத்தவள் புத்தகத்தைத் திருட்டுச் சாமானிலா செய்வது? நேர்மையாகவே இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளைத் தேடினேன். நானே பக்கம் கட்டினால் எவனும் கை வைக்க முடியாது என்று ஒரு திமிர்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. லெப்டொப்பும் குடையுமாகக் கோயில் மேட்டில் போய் உட்கார்ந்தேன். "டீச்சருக்கு சாமி வந்திருச்சு" என்று கொழுந்துக்குப் போகிறவர்கள் சிரித்தார்கள். முதலில் இறக்கியதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இரண்டாவதில் எழுத்து சரி, ஆனால் ஒரு வரி கூட்டினால் படம் ஓடிப்போய் இரண்டு பக்கம் தள்ளி ஒளிந்துகொள்ளும். மூன்றாவதில்தான் எழுத்தும் நின்றது, படமும் வைத்த இடத்தில் கிடந்தது. அதைப் பழக ஒரு தவணை லீவு முழுக்கப் போனது. மஸ்கெலியாத் திருவிழாவில் ஐஸ்பழமும் கையுமாக அக்கா பல் தெரியச் சிரித்த படத்தை முதல் பக்கம் முழுக்க விரித்து வைத்தேன். அன்றைக்கு நன்றாக அழுதேன்.

அப்புறம் தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்தார். "வாழ்த்துச் செய்தி இல்லாம புத்தகமா? நம்ம சனத்துல எங்கயாச்சும் உண்டா டீச்சர்?" மண்டபத்துச் சாவி அவர் இடுப்பில். லயத்து வாசலிலேயே வெளியிட்டிருக்கலாம். மண்டபம், மாலை, மைக் எல்லாம் எனக்கும் வேண்டியிருந்தது. சொல்லவே நாக்கு கூசுகிறது. சரி என்றேன்.

வாழ்த்துச் செய்தியோடு ஐந்து தலைவர்கள் படம் அனுப்பினார்கள். ஒருத்தர் கல்யாண வீட்டுப் படத்தில் மனைவியை வெட்டிவிட்டு அனுப்பினார். இன்னொருத்தர் தனக்கு முன்னால் யார் வருகிறார் என்று மூன்று தடவை போன் எடுத்துக் கேட்டார். கருமம்! அக்காவின் பெயரைக்கூட ஒருத்தரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் கொடுத்ததும் புத்தகம் ஐம்பத்து மூன்றானது. "பின் அடிக்கிற புத்தகம், நாப்பத்தெட்டுக்கு மேல தாங்காது" என்றார் கடைக்காரர். அக்கா சின்ன வயதில் செய்த சேட்டைகளை வெட்டினேன். அப்போதும் ஒரு பக்கம் மிஞ்சியது. ஐஸ்பழத்துப் படத்தை மூலையில் பிடித்து இழுத்தேன். அந்த மென்பொருள் சொன்னதைச் செய்தது, படம் சுருங்கிச் சுருங்கி ஒன்பதாம் பக்கத்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

வெளியீட்டன்று முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தார்கள். மேடையிலேயே விரித்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். வேட்டி, கோட்டு, மீசை, மாலை.

"இவுங்கள்லாம் யாரு? புள்ளைய லொறியில ஏத்துனப்போ ஒருத்தரையும் காணலியே?"

மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைவர்கள் கூரையைப் பார்த்தார்கள், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது.

அம்மா நிறுத்தவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் அந்தத் தீப்பெட்டி அளவுப் படத்தைக் கண்டுபிடித்து, விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுச் சின்னதா யாருடி வச்சது?"