ரெண்டு தடவை இறுக்கின வாட்ச்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ‘ரெண்டு தடவை’. கதவைப் பூட்டினால் ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “அடுப்புக்கென்ன காலா முளைச்சிருக்கு?” என்பேன். சிரிப்பார், ஆனாலும் தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்.

அவர் வேலை அப்படி. பாலத் தூண்களின் அடிக்கு முங்கிப் போய், விரிசல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எழுபது அடி ஆழம், கலங்கல் தண்ணீர். படகில் ஓடும் எந்திரத்திலிருந்து குழாய் வழியாக மூச்சுக்காற்று வரும். நாற்பது நிமிஷத்துக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. இருந்துவிட்டு நேராக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி, மூட்டுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். ஆளே போனாலும் போகலாம். படகில் கயிறு பிடிப்பவர் என் கூடப்பிறந்த அண்ணன். நாற்பதாவது நிமிஷம் அண்ணன் கயிற்றை இழுப்பார், இவர் ஏறி வருவார். பதினோரு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அண்ணன் கையில் ஒரு டைவிங் வாட்ச் இருந்தது. ஸ்டாப்வாட்ச் வைத்தது, நல்ல கனம், பக்கத்தில் ரெண்டு பொத்தான். இவருக்கு அதன்மேல் நெடுநாளாக ஒரு கண். ஒருநாள் அண்ணனே கழற்றி நீட்டினார்.

“மாப்ள, பாதி விலைக்கு நீங்களே வச்சுக்கங்க. கடையில குடுத்து சர்வீஸ் பண்ணி, தண்ணி டெஸ்ட்டும் பாத்தாச்சு. படகுலேயே பொத்தான அமுக்கிட்டு, அதுமேல இருக்கற வளையத்த நல்லா இறுக்கிட்டு எறங்குங்க. தண்ணிக்குள்ள மட்டும் பொத்தான்ல கை வைக்காதீங்க. இனிமே நேரம் பாக்கறது உங்க பொறுப்பு.”

இவருக்குத் தலைகால் புரியவில்லை. வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு, முள் ஓடுவதையே பார்த்தபடி குந்தியிருந்தார். “வாளிக்குள்ள கப்பலா ஓடுது?” என்று கேட்டதற்குக்கூடக் கோபம் வரவில்லை.

முதல் ரெண்டு தூணும் ஆழம் குறைவு. மூன்றாவது தூண்தான் எழுபது அடி. அடியில் ஒரு தடவை மணி பார்த்தார், இருபத்திரண்டு நிமிஷம். வேலை மும்முரத்தில் மறுபடி பார்த்தபோதும் இருபத்திரண்டு. வாட்ச் நின்றுபோனது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. நேரம் பார்ப்பது இவர் பொறுப்பாகிவிட்டதால் மேலே அண்ணனும் கயிற்றை இழுக்கவில்லை. பதறி மேலே வந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோள்பட்டை வலியில் அவர் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிழைத்தார். தோளும் தேறியது. ஆனால் கம்பெனியில் விசாரித்தபோது அண்ணன் சொன்னார்: “வளையத்த சரியா இறுக்கல போலிருக்கு சார். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.” கவனக்குறைவு என்று எழுதி, முங்கும் வேலையிலிருந்து எடுத்து, இவரைக் கிடங்கில் கயிறு சுற்றப் போட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? அண்ணனிடமே போய், “மன்னிச்சிடுங்க மச்சான், என்னால உங்களுக்கும் கெட்ட பேரு” என்றார். அண்ணன் பெரிய மனுஷன் மாதிரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அதிலிருந்து மனுஷன் மனுஷனாக இல்லை. “ரெண்டு தடவ இறுக்கினேன். இறுக்கினேன்னுதான் நெனப்பு. இல்லயோ?” என்று தன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். பூட்டிய கதவை ஆறு தடவை, ஏழு தடவை இழுப்பார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! “ஒரு வளையத்த இறுக்கத் துப்பில்ல, இப்ப கதவப் போட்டு ஆட்டி என்ன பிரயோஜனம்?” என்று கேட்டேன். ஒருநாள் அல்ல, பலநாள் கேட்டேன்.

மூன்று மாதம் கழித்து, அந்தச் சனியன் வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று கடிகாரக் கடைக்கு எடுத்துப்போனேன், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று. கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உள்பக்கத்தைப் பார்த்தார்.

“இது நம்ம கைபட்ட வாட்சாச்சே.”

ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு வாட்சின் மூடிக்குள்ளும் அவர் ஊசியால் தேதி கீறி வைப்பாராம். காட்டினார். தேதி இருந்தது. பக்கத்தில் அலை மாதிரி ஒரு கோடு, அதன்மேல் பெருக்கல் குறி.

“தண்ணிக்கு ஆகாதுன்னு அர்த்தம்மா. பொத்தானுக்குள்ள இருக்கற வாஷர் வெடிச்சுப் போச்சு. மாத்தறதுக்கு வாஷர் கெடைக்கல. எவ்வளவு இறுக்கினாலும் ஆழத்துல தண்ணி ஏறிடும்னு சொல்லித்தான் குடுத்தேன். படகுல கயிறு புடிக்கறவர் ஒருத்தர்தான் வாங்கிட்டுப் போனாரு.”

அண்ணன் எங்களுக்கு வாட்சைக் கொடுப்பதற்கு எட்டு நாள் முந்தின தேதி அது. மூடியை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று விடுமுறை, அண்ணன் எங்கள் வீட்டில்தான், இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூடியை அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கடைக்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அண்ணனின் கை சோற்றிலேயே நின்றது. “கொஞ்ச நாள் தாங்கும்னு நெனச்சேன்மா. இத வித்தாத்தான் புதுசு வாங்க முடியும்னு...”

“சரி, விசாரிச்சப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா என் வேல போயிடும்ல?”

“அப்ப இவர் வேல போனா பரவால்லயா? எந்திரி! நாளைக்கு ஆபீசுக்கு வந்து நீயே உண்மையச் சொல்லு. இல்லன்னா கடைக்காரரக் கூட்டிட்டு நான் போறேன்.”

அண்ணனை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார். அவர் தெருமுனை தாண்டும்வரை வாசலில் நின்று கத்தினேன். “கூடப் பொறந்தவனே குழி வெட்டினா வேற எவன நம்பறது?” என்று என்னென்னவோ கத்திவிட்டு உள்ளே வந்தேன்.

இவர் மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கீறலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு இறுக்கினாலும் ஏறும்னா சொன்னாரு?”

“ஆமாங்க.”

“அப்ப நான் இறுக்கித்தான் இருக்கேன்.”

“இறுக்கித்தான் இருக்கீங்க. ரெண்டு தடவ.”

அழுவார், இல்லாவிட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூடியை மேஜைமேல் வைத்தார்.

“உங்க அண்ணன் தன் வேலைக்காகப் பொய் சொன்னாரு, சரி” என்றார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “இத்தன வருஷம் என்கூட இருந்தவ, நீ ஏன் அத நம்பின?”