வியாழக்கிழமை டாக்டர்

குடியேற்றத் தடுப்பு முகாமின் மருந்தறையில் அவர் ஒருவர்தான் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் ஓடியாடி முழங்கால் தேய்ந்த பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை என்று நம்பி வந்தவர். எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'.

முகாமில் ஒரு விதி. விசா முடிந்து பிடிபட்டவர்கள் கொண்டுவரும் மருந்தை மற்ற உடைமைகளோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். டாக்டர் பார்த்து எழுதித் தந்தால்தான் திரும்பக் கிடைக்கும். டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு தையல்காரி வந்தாள். வலிப்பு நோய்க்காரி.

"அக்கா, ரெண்டு வேளை விட்டாலே விழுந்துடுவேன். மாத்திரை என் பையிலயே இருக்கு, எடுத்துக் குடுங்க."

அந்த மாத்திரை மருந்தறையில் கிடையாது. நர்ஸ் டாக்டருக்கு மூன்று முறை போன் செய்தார், எடுக்கவில்லை. சாவி வைத்திருந்த கண்காணிப்பாளரிடம் போனார்.

"இன்னும் மூணே நாள்தான் சிஸ்டர். நீங்க ஏன் தலையைக் குடுக்கிறீங்க?"

"வலிப்பு கிழமை பாத்தா சார் வரும்?"

சாவி கிடைக்கவில்லை. கேட்டது, மறுத்தது, மணி எல்லாவற்றையும் நர்ஸ் பதிவேட்டில் எழுதினார்.

புதன்கிழமை காலை தையல்காரி குளியலறையில் விழுந்தாள். குழாயில் மோதி முன்பல் இரண்டு போயின, நெற்றி கிழிந்தது. நர்ஸ் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று மதியம் கண்காணிப்பாளர் ஒரு தாளை நீட்டினார். 'நோயாளி மருந்து சாப்பிட மறுத்துவிட்டார்' என்று அதில் டைப் அடித்திருந்தது.

"ஒரு கையெழுத்துதான். நாளைக்குள்ள குடுங்க."

நர்ஸ் வீட்டில் கணவரிடம் சொன்னார். கணவர் பஸ் டிரைவர்.

"போட்டா உனக்குத் தூக்கம் வருமா?"

"வராது."

"அப்ப போடாதே. நீ புரண்டுக்கிட்டே இருந்தா எனக்கும் தூக்கம் போகும். காலையில வண்டி எடுக்கணும்."

நர்ஸ் கையெழுத்துப் போடவில்லை. தையல்காரி விழுந்தது பற்றிய விசாரணை நான்கு மாதம் இழுத்தது. பதிவேட்டை மட்டும் அதிகாரிகள் இரண்டு தடவை வாங்கிப் படித்தார்கள். கடைசியில் புது உத்தரவு வந்தது: முகாமுக்கு ஒருவர் வந்த அன்றே டாக்டரிடம் போனில் கேட்டு மருந்தைத் தரலாம், அவர் கிடைக்காவிட்டால் நர்ஸே முடிவெடுக்கலாம். யார் மேல் தப்பு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

கண்காணிப்பாளர் அதே நாற்காலியில் இருந்தார். நர்ஸைக் காரணம் சொல்லாமல் தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றினார்கள். தையல்காரியை அதற்கு முன்பே அவள் நாட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். விதி மாறியது அவளுக்குத் தெரிய வழியில்லை; சொல்ல யாரிடமும் முகவரியும் இல்லை.