வலைக் காளானும் சிவப்புக் கதிரையும்

கலியாண வீட்டில் படம் பிடிப்பவன் ஆட்களை நிற்கவைத்துப் பிடிக்கலாம். காட்டுக் காளானைப் பிடிப்பவன் தானே படுத்தாக வேண்டும். கண்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்குக் கலியாணம், ஆசைக்குக் காளான். மழை விட்டதும் ஈரத்தரையில் குப்புறக் கிடந்துவிட்டு, எழும்ப முடியாமல் மரத்தைத் தேடுகிறவர்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

பல்கலைக்கழகத்து ஆசிரியை ஒருவர் காளான்களைப் பற்றிப் புத்தகம் போட இருந்தார். வெள்ளை வலைப் பாவாடை கட்டினாற்போல் ஒரு காளான் உண்டு. அதன் படம் கிடைத்தால் முகப்பில் போட்டு, என் பெயரையும் அங்கேயே போடுவதாகச் சொன்னார். கலியாண அல்பத்தின் பின்மூலையைத் தவிர என் பெயர் எங்கும் அச்சில் வந்ததில்லை. ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் காளான் காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும்.

வாயில் டொபி

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டில் ஏதோ ஒரு சின்னக் காளான் முன்னால் கிடந்தேன். கேமரா ஆடாமலிருக்க மூச்சை அடக்கியிருந்தேன். விறகு பொறுக்க வந்த இரண்டு பெண்கள் என் முதுகை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஓடிவந்து புரட்டிப்போட்டார்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் ஒரு டொபி மிட்டாய் உள்ளே போய்விட்டது. மற்றவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"குடிச்ச வாடை இல்லக்கா, சீனி வருத்த மயக்கந்தான். இன்னொன்னு போடு."

கலகெதரைக் கலியாணம்

விடியற்காலை முழுக்கத் தேடியும் வலைக் காளான் அகப்படவில்லை. காட்டிலிருந்து நேரே கலகெதரைக்கு ஓடினேன், அங்கே முகூர்த்தம். வெள்ளைச் சட்டைக்குள் அட்டை ஏறிக் கடித்து இரத்தம் ஊறியிருந்தது எனக்குத் தெரியாது. பெண்ணின் அம்மாதான் முதலில் கண்டு, என்னை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"மாப்பிள்ள வீட்டாளுங்க பாத்தா உள்ள வெட்டுக்குத்துன்னு நெனைப்பாங்க, மாமாவோட கோட்ட மாட்டிக்கிட்டு வாங்க தம்பி."

கூட்டிவைத்த காடு

மடவளையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், ஊருக்கே நானா, மகளின் கலியாணத்துக்கு என்னைப் படம் பிடிக்க வைத்தவர். அவர் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் புதர் உண்டு. வலைக் காளான் மூங்கிலடியில் முளைக்கும், கண்டால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். ஒருநாள் காலையில், காளான் பாவாடையோடு நிற்கிறது என்று போன் பண்ணினார். பறந்தேன்.

காளான் நின்றது. சுற்றிலும் ஒரு சருகு இல்லை! விளக்குமாற்றுக் கோடு தெரிய மனிதர் பெருக்கித் தண்ணீரும் தெளித்திருந்தார். நான் உட்கார, கடையிலிருந்து புத்தம்புதுச் சிவப்புக் கதிரை வேறு. மொட்டைத் தரையில் காட்டுக் காளானை எப்படிப் பிடிப்பது? ஓரத்துக் குவியலிலிருந்து சருகை அள்ளி அள்ளிக் கொட்டினேன். நானாவின் முகம் தொங்கிவிட்டது.

"ஊட்டுக்கு ஆள் வாரெண்டு காலையிலேயே கூட்டி வெச்சா, நீங்க வந்து குப்பை கொட்டுறீங்களே தம்பி."

முகப்பு

சருகு பரப்பி முடிவதற்குள் வலை வாடத் தொடங்கிவிட்டது. அவசரமாகப் படுத்துக் கேமராப் பொத்தானை அழுத்தித் தள்ளினேன். ஒன்றே ஒன்று தெளிவாக விழுந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், வலைக்குப் பின்னால் சிவப்பாகக் கதிரைக் கால். வெட்டினால் வலையும் போகும். அழித்துத் தருகிறேன் என்றேன். அறிவியல் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்றுவிட்டார் ஆசிரியை. முகப்பில் வேறொருவரின் படம் வந்தது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நானா ஒரு பிரதி கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். கீழே என் பெயர், கொட்டை எழுத்தில்! பார்க்கப் போயிருந்தேன். சாமான் வாங்க வந்த ஒரு பெண் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர் நானாவிடம் திரும்பினார்.

"நானா, அந்தச் செவப்புக் கதிரை இன்னம் விக்க ஈக்கா?"

என் படத்தைப் பார்த்து ஊரே உட்கார ஆசைப்படுகிறது, எனக்குத்தான் இன்னும் படுத்தால் எழும்ப முடியவில்லை.