கரண்ட் போன நேரத்துச் சைக்கிள்

“தம்பி, இன்னிக்கு என்ன பண்ணுனீங்க?” என்று கிருபாசங்கர் அண்ணன் கேட்டபோது பேச்சை மாற்றினேன். அடுத்த மாதம் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் கருமத்தம்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். கரண்ட் இருந்தால் தறி, போனால் தெரு. அவருக்கு வேறு திட்டமே கிடையாது. நானோ, ப்ளஸ் டூ முடித்ததிலிருந்து, தங்கை ரித்திகாவுக்குச் சைக்கிள் பழக்க நல்ல இடமும் நல்ல நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கரண்ட் போனது. தலையில் பஞ்சு ஒட்டியபடி வெளியே வந்தவர், அவளைச் சைக்கிளில் ஏற்றி, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கரண்ட் வருவதற்குள் அவள் தனியாக ஓட்டினாள். “சங்கரண்ணா, பாருங்க” என்று அவரைத்தான் கூப்பிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அவளுடைய முதல் ஓட்டத்தில் சீட்டைப் பிடித்தது நானாக இருந்திருக்க வேண்டும்.

கரண்ட் வந்து தறிச் சத்தம் கேட்டதும் அவர் உள்ளே போய்விட்டார்.

“அண்ணா, எனக்குத் திருப்பத் தெரியல.”

“நாளைக்கு...”

“உன்ற நாளைக்கு என்னிக்குத்தான் வரும்?”

செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்ச் சீட்டைப் பிடித்தேன்.

சாயங்காலம் அண்ணன் அதே கேள்வியைக் கேட்டார். “திருப்பப் பழக்குனேனுங்க” என்றேன். பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை. உங்கள் வீட்டில் நாள் பார்த்துக்கொண்டே இருப்பவர் யாராவது இருந்தால், இதை அவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள்.