எல்லா அறையிலும் ஒரே பாட்டு

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கூடத்து ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்துகிறார் கண்டக்டர். அது 'டிங்' என்கிறது. படுக்கையறையிலிருந்து ஒரு 'டிங்'. சமையலறையிலிருந்து இன்னொன்று. அப்புறம்தான் போனில் பாட்டைத் தட்டிவிடுகிறார். மூன்று அறைகளிலும் ஒரே வரி, ஒரே நேரத்தில் தொடங்குகிறது.

ஓய்வுபெற்று, பஸ்ஸை விட்டு இறங்கிப் பல வருடமாயிற்று. ஆனாலும் அவர் வீட்டுக்குள் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். எதிர்வீட்டுக்காரனான எனக்கு அலாரமே தேவையில்லை. உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். கதவுநிலையில் சாய்ந்து நின்றால்தான் அவருக்குப் பேச்சே வரும்.

முதலில் சமையலறைக்கென்று வேறொரு கம்பெனி ஸ்பீக்கரை வாங்கிவந்து, நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். மற்ற இரண்டோடும் அது சேரவே இல்லை. "வேற டிப்போ ஆளு சார், நம்ம வண்டியில ஏறமாட்டேங்கிறான்" என்று என்னிடம் புகார். கடைசியில் மகள் வந்துதான், மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தாள்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்கு இல்லை. அவர் மனைவிக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால், யார் வீட்டுக்கோ வந்துவிட்டதாகப் பயந்துவிடுகிறார். கூடத்தில் கேட்ட பாட்டின் மிச்சம் சமையலறையிலும் கேட்டால், தன் வீடுதான் என்று நம்பிக் காலை எடுத்து வைப்பார்.

"பாட்டு அறுந்துச்சுன்னா போச்சு சார். 'என்னை வீட்டுல கொண்டுபோய் விடுங்க'ன்னு என்கிட்டயே கேக்குறா. நான் எங்க கொண்டுபோய் விட?"

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று நான் போயிருந்தபோது சமையலறை ஸ்பீக்கர் சட்டென்று ஓய்ந்துவிட்டது. மனுஷர் சார்ஜ் போட மறந்திருக்கிறார். தண்ணீர் குடிக்கப் போன அந்தம்மா சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இது யாரு வீடு? நான் போறேன்" என்று தெருக்கதவுப் பக்கம் திரும்பினார்.

இவர் ஓடிப்போய் ஸ்பீக்கரை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஊஹும். வேறு வழி தெரியாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த வரியைத் தானே பாட ஆரம்பித்தார். சுருதி என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற குரல்.

அந்தம்மா நின்றார். மெல்லத் திரும்பி வந்து, கண்ணை இடுக்கி ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, சத்தத்தைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தினார்.

கண்டக்டர் இன்னும் சத்தமாகப் பாடினார்.