கோத்தா திங்கிக்கு அம்மா சுமந்து போன பிள்ளை

அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று அவருக்காகத் திருப்பலியில் கூடியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அம்மாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் அவர் பேசாமலே வைத்திருந்த ஏக்கம் ஒன்று உண்டு. அதைத்தான் இந்த நினைவு மலரில் எழுத விரும்புகிறேன்.

அம்மா மலாயாவில், ஜொகூர் நீரிணையோரச் சிற்றூரான பாசிர் கூடாங் கம்பத்தில் பிறந்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த கடலோடிக் குடும்பம். அவருடைய அண்ணன், அதாவது என் மாமா, ஜப்பான் சண்டைக்கு முன் துறைமுகப் படகில் வேலை செய்தவர். அம்மாவை ஜொகூர் ஆற்றங்கரையில், கோத்தா திங்கிக்குக் கீழே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதிய அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த நேரத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கெடுபிடியில் பிறந்தவன் நான்.

நான் தவழக்கூடத் தொடங்காத நாளில் தோட்டத்திலிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. சயாமில் ரயில் பாதை போட அப்பாவைக் கொண்டுபோகப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வரும், அதற்குள் பிள்ளையின் முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார் என்று. அப்பா என்னைப் பார்த்ததே இல்லை. சாலையில் வழிநெடுகச் சோதனை. அதனால் மாமா தம் பாய்ப்படகில் போகலாம் என்றார்.

படகில் பாய் இருந்தாலும் அந்தப் பக்கத்தில் ஓட்டுவது நீர்தான். வற்றத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும் நேரத்தில், நீரிணையின் தண்ணீர் கிழக்கே ஓடும். அதோடு போனால் ஆற்று முகத்துக்குச் சுலபமாகச் சேரலாம். ஆனால் அதே வற்றத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடலை நோக்கி வேகமாக இறங்கும். அதற்கு எதிரே யாரும் ஏற முடியாது. எனவே வற்றம் முடியும் தறுவாயில் கிளம்ப வேண்டும். ஓட்டம் திசை மாறுமுன் சிறிது நேரம் நீர் நிற்கும்போது ஆற்று முகத்தில் இருக்க வேண்டும். பிறகு ஏற்றம் தொடங்கி, ஏறும் கடல்நீர் படகை ஆற்றுக்குள் கொண்டுபோய்விடும். அமாவாசை கழிந்து எத்தனையாம் நாள் எத்தனை மணிக்கு நீர் நிற்கும் என்பது மாமாவுக்கு மனப்பாடம்.

“ஒம்பது மணிக்குக் கெளம்புனா போதும் தங்கச்சி. வெயில் சாயறதுக்குள்ள மாப்பிள்ளை கையில புள்ளயக் குடுத்துடலாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சுவர்க்கடிகாரம் ஒன்பது அடித்ததும் கிளம்பினார்கள். அம்மா கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தார். எனக்குப் புதுத் துணி கிடைக்காததால் தம் ரவிக்கை ஒன்றைப் பிரித்துச் சட்டை தைத்திருந்தார்.

ஆற்று முகத்துக்கு வந்தபோது நீர் நிற்கவில்லை. பழுப்பு நிறத்தில் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. காற்றும் விழுந்துவிட்டது. படகு தெற்கே, வெளிக்கடல் பக்கம் நகர்ந்தது.

“நங்கூரத்தப் போடுங்கண்ணே.”

“வேணாம்லா. இதோ, இப்ப நின்னுடும் பாரு. எங்கணக்கு தப்பாது.”

மாமா துடுப்புப் போட்டுக்கொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கரை சிறுத்துக்கொண்டே போயிற்று. அப்போதுதான் அம்மாவுக்குப் பொறி தட்டியது.

“அண்ணே, உங்க கணக்கு வெள்ளைக்காரன் இருந்தப்ப உள்ளது. நம்ம வீட்டுக் கடியாரம் இப்ப ஜப்பான் நேரம்ல காட்டுது!”

ஜப்பான்காரன் நாடு முழுவதும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைக்கச் சொல்லியிருந்தான். எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். நிலவும் நீரும் பழகவில்லை. அவர்கள் ஒன்பதுக்குக் கிளம்பியது மாமாவின் பழைய கணக்குக்கு ஏழரை மணிதான். மாமா துடுப்பைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நங்கூரம் போட்டபோது வெகுதூரம் இழுபட்டிருந்தார்கள். ஏற்றம் வந்தும், அதன் பெரும்பகுதி ஆற்று முகத்துக்குத் திரும்பி வரவே செலவானது. பாதி ஆற்றில் மறுபடி வற்றம் பிடித்துக்கொண்டது. கரையோரச் சேற்றில் நின்ற நீப்பா மரங்களில் படகைக் கட்டிவிட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்தார்கள். அம்மா செபமாலை சொல்லிக்கொண்டே இருந்தாராம். சனிக்கிழமை காலையில் தோட்டத்துப் படகுத்துறையை அடைந்தபோது லாரி முந்தின நாளே போய்விட்டிருந்தது.

“நேத்து பூரா இங்கதாம்மா நின்னாரு. லாரிக்காரன் வந்து தோளப் புடிச்சு இழுத்தப்பவும் ஆத்தத்தான் பாத்தாரு” என்று பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த ஓர் அம்மாள் சொன்னாராம்.

அப்பா சயாமிலிருந்து திரும்பவில்லை. அவருக்குப் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். மறுமணப் பேச்சு எடுத்தவர்களைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். மாமா குற்ற உணர்ச்சியில் குறுகிப்போனவர். அவர் வீட்டுக்கு வந்தால் அம்மா முதல் தட்டை அவருக்குத்தான் வைப்பார். “நீங்க கொண்டுபோகலன்னா நான் போயிருக்கவே மாட்டேன்ல” என்பார். அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அம்மா வாசலில் தனியாக நிற்பார். அப்போது அவரைக் கூப்பிட எனக்குத் தைரியம் வந்ததில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே நான் அம்மாவுக்கு ஏங்கிய நேரங்கள் அவை.

கடைசி நாள்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த என் மனைவிக்கும், மருந்து வாங்க ஓடிய மருமக்களுக்கும், தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தம்பிக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அம்மாவுக்கு அப்போது நினைவு தடுமாறியிருந்தது. ஒரு மத்தியானம் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் பிள்ளையை ஏந்துவதுபோல் வைத்து என்னிடம் நீட்டினார்.

“வந்துட்டேங்க. நேரமாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க, உங்க புள்ள.”

நான் கைகளை நீட்டி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

“பாத்தீங்களா?”

“பாத்துட்டேன்” என்றேன்.

“நல்லாப் பாருங்க. மூக்கு அப்படியே உங்க மூக்கு” என்று சொல்லி அம்மா சிரித்தார்.